தெப்பம் கவிழ்ந்த வழக்கும் யென் டீச்சரும்

வேறொரு பள்ளிக்கூடத்துக் கணினி அறைக்குள் நுழைந்ததும் யென் பெய்ரோங் டீச்சர் முதலில் தேடுவது கடைசி வரிசையில் ஒரு காலி நாற்காலியைத்தான். கையோடு கொண்டுவந்த சின்னத் திண்டை அதில் போடுவார். தேநீர்க் குடுவையைக் காலடியில் வைப்பார். உப்பில் ஊறிய பிளம் பழம் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பிள்ளைகள் கொஞ்ச நேரம் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். அவர்கள் மறக்கட்டும் என்றுதான் அவரும் காத்திருப்பார்.

மாவட்டக் கல்வி அலுவலகம் ஆண்டுதோறும் வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு போட்டி வைத்தது. இணையத்தில் ஒரு தேடல் பாடம் செய்ய வேண்டும். ஒரு பழைய சம்பவம், அதைப் பற்றி ஒரு கேள்வி, அந்தக் காலத்துச் செய்தித்தாள்கள், படங்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் ஆசிரியர் ஓர் இணையப் பக்கத்தில் போட்டுவைப்பார். மேல்நிலை மாணவர்கள் அவற்றைத் துருவிப் படித்து விடையைத் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும். அப்படிச் செய்த பாடங்களில் எது நல்லது என்று சொல்லும் நடுவர்களில் யென் டீச்சர் ஒருவர். மற்ற நடுவர்கள் வீட்டில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, அழகுக்கு இவ்வளவு, தெளிவுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டுவிடுவார்கள். இவர் மட்டும் பேருந்து பிடித்து, அந்தந்தப் பள்ளிக்கே போய், பிள்ளைகள் அந்தப் பாடத்தைச் செய்வதைப் பார்த்தால்தான் ஆயிற்று என்பார்.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் அவருடைய முதல் பரிசு.

பல வருடங்களுக்கு முன் அவரும் ஒரு பாடம் செய்தார். அவர் ஊரின் பழைய மதில் சுவரை ஏன் இடித்தார்கள் என்பது கேள்வி. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள், கேடயம் கொடுத்தார்கள். அடுத்த மாதம் தன் மாணவர்களின் விடைகளைத் திருத்த உட்கார்ந்தபோது பாதியிலேயே பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எல்லா விடைகளும் ஒன்றுபோல இருந்தன. ஒரு வருடத்தை அவர் தட்டச்சில் தவறாக அடித்திருந்தார். அந்தத் தவறுகூட வகுப்பு முழுக்க அப்படியே வந்திருந்தது. மறுநாள் நன்றாகப் படிக்கிற ஒரு பையனை நிறுத்திக் கேட்டார்.

"சுவரை ஏன் இடிச்சாங்க?"

"ரெண்டாவது பாராவுல இருக்கு டீச்சர்."

"அது எனக்கும் தெரியும்டா, நான்தானே எழுதினேன். நீ என்ன நினைக்கிற?"

பையன் உண்மையிலேயே குழம்பிப்போனான். "நினைக்கணும்னு எங்கயும் போடலையே டீச்சர்."

அன்று சாயங்காலமே அந்தப் பக்கத்தை அவர் இணையத்திலிருந்து எடுத்துவிட்டார். கேடயம் காற்றுக்குச் சமையலறைக் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்கும் வேலைக்குப் போனது.

அதற்குப் பிறகுதான் அவர் கடைசி வரிசையில் உட்கார ஆரம்பித்தார். திரையை அவர் பார்ப்பதே இல்லை, பிள்ளைகளின் கையையும் முகத்தையும்தான் பார்ப்பார். சுட்டியைத் தடதடவென்று அழுத்திக்கொண்டே போனால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். கை நின்றுபோய், பக்கத்துப் பிள்ளையின் தோளைத் தட்டி, "ஏய், இங்க வேற மாதிரி போட்டிருக்கு பாரு" என்றால் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். வகுப்பு முடிந்ததும் நாலைந்து பிள்ளைகளைப் பிடித்து, "எந்த இடத்துல உன் மனசு மாறிச்சு?" என்று கேட்பார். எங்கேயும் மாறவில்லை என்று வரிசையாகச் சொன்னால் அந்தப் பாடத்துக்கு அவரிடம் மதிப்பெண் தேறாது. படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, செய்தவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி. யென் டீச்சர் வந்தால் முடிவு தள்ளிப்போகும் என்று அலுவலகத்தில் முணுமுணுப்பார்கள். அது அவர் காதிலும் விழும், சிரித்துக்கொள்வார்.

அந்த வருடம் வந்த பாடங்களில் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தது லாய் சுங்வெய் செய்ததை. லாய் முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யென் டீச்சருடன் ஒரே பள்ளியில் இருந்தவர், அப்போதிருந்தே அவரை அக்கா என்று கூப்பிடுவார். பிறகு கடலோரத்தில் ஷீலியாவ் என்ற சின்ன ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அந்த ஊரில் ஏறக்குறைய ஐம்பது வருடத்துக்கு முன் நடந்த ஒரு விபத்தைத்தான் பாடமாக எடுத்திருந்தார்.

ஆற்றுக்குப் பாலம் இல்லாத காலம் அது. கடலம்மா கோயில் திருவிழாவன்று, மழையில், கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போன மூங்கில் தெப்பம் நடு ஆற்றில் கவிழ்ந்துவிட்டது. பலர் இறந்துபோனார்கள். தெப்பக்காரர் கே ஷுய்மூ என்பவர் குடித்திருந்தார், பேராசையில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றினார், விபத்து நடந்ததும் ஓடிவிட்டார் என்று செய்தித்தாள் எழுதியது. அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

லாய் மாதக்கணக்கில் நகரத்து நூலகத்தில் கிடந்து பழைய செய்தித்தாள்களைத் தேடி எடுத்திருந்தார். திரையில் தெப்பம் ஆடும், தண்ணீர்ச் சத்தம் கேட்கும். மாணவர்களில் சிலர் அரசுத் தரப்பு வக்கீல்கள், சிலர் எதிர்த்தரப்பு வக்கீல்கள், சிலர் நீதிபதிகள். கடைசிப் பக்கத்தில் தீர்ப்பு. மற்ற நடுவர்கள் அவருக்குத்தான் முதல் பரிசு என்று பேசி முடித்தே விட்டார்கள்.

"பிள்ளைங்க செய்யறதைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார் யென் டீச்சர்.

ஷீலியாவ் பள்ளியின் கணினி அறையில் அன்று நல்ல கலகலப்பு. வக்கீல்கள் மேசையைத் தட்டினார்கள். "குடிகாரன்! குடிகாரன்!" என்று ஒரு பக்கம் கத்த, "குளிருக்குக் கொஞ்சம் குடிச்சா தப்பா?" என்று இன்னொரு பக்கம் கத்த, லாய் நடுவில் நின்று பூரித்துப்போயிருந்தார். யென் டீச்சருக்கும் மகிழ்ச்சிதான். இவ்வளவு சத்தம் போடுகிற வரலாற்று வகுப்பை அவர் பார்த்தே வெகுநாள் ஆகியிருந்தது. ஆனால் ஓரத்துக் கணினியில் ஒரு பெண்ணின் கை சுட்டியை விட்டு விலகி அப்படியே நின்றுபோனதையும் அவர் கவனித்துவிட்டார். குலுக்கலில் அவளுக்கு நீதிபதி வேடம் விழுந்திருந்தது. திரையில் கடைசிப் பக்கம் திறந்தபடி நின்றது.

அவள் எழுந்தாள். "சார், வேற தீர்ப்பு எழுதலாமா?"

"என்ன வேற?"

"இங்க 'குற்றவாளி'ன்னு அழுத்தினா பட்டாசு வெடிக்குது. 'நிரபராதி'ன்னு அழுத்தினா 'ஆதாரங்களை மறுபடியும் படி'ன்னு வருது. வேற பொத்தானே இல்ல."

வகுப்பு சிரித்தது. லாயும் சிரித்துவிட்டு, "படிச்சா அதுதானே தெரியுது, யீச்சுன்" என்றார்.

வகுப்பு முடிந்ததும் யென் டீச்சர் தன் திண்டோடு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "எந்த இடத்துல உன் மனசு மாறிச்சும்மா?"

"மாறல டீச்சர்."

"படிச்சதுல எதை நம்பின?"

"எதையும் நம்பல."

"ஏன்?"

அந்தப் பெண் விசைப்பலகையைப் பார்த்தபடி சொன்னாள். "அவரு எங்க தாத்தா."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். லாயின் முகம் வெளுத்துவிட்டது. ஷீலியாவில் பாதி ஊருக்குக் 'கே' என்பதுதான் குடும்பப் பெயர். எந்தக் கே என்று அவர் யோசித்தே பார்க்கவில்லை. அந்த அமைதியில் ஒரு பையனின் குரல் வந்தது. தெங்காய் என்று பெயர், உயரமானவன், சற்று முன் "குடிகாரன்" என்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியவன்.

"எங்க தாத்தாவோட தங்கச்சி அந்தத் தெப்பத்துலதான் செத்தாங்க. வருஷா வருஷம் அந்த நாள் வந்தா எங்க வீட்டுல இன்னும் அடுப்பு மூட்ட மாட்டாங்க. உங்க தாத்தாவா இருந்தா மட்டும் நாங்க என்ன பண்ணணும்?"

யீச்சுன் கணினியை அணைத்தாள். அழவில்லை.

தாழ்வாரத்துக்கு வந்ததும் லாய் வெடித்தார். "அக்கா, எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. அவகிட்ட மன்னிப்புக் கேக்கறேன். ஆனா இதுக்காகப் பாடத்தைத் தப்புன்னு சொல்லிடாதீங்க. அத்தனையும் ஆதாரம். ஒரு வரிகூட நான் சொந்தமா எழுதல."

"தெரியும். நீ பட்ட பாட்டை நான் குறைச்சே சொல்லல."

"அப்புறம் என்ன?"

"தீர்ப்பை முதல்லயே எழுதி வெச்சுட்டு, பிள்ளைங்களை விசாரிக்கச் சொல்லியிருக்க. பட்டாசு வேற வாங்கி வெச்சிருக்க."

"இது போட்டி அக்கா. கோர்ட் இல்ல."

"அவரைக் கோர்ட்ல ஏத்தினது நீதானேடா?"

சொன்ன மாத்திரத்தில் கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று அவருக்குத் தோன்றியது. நாக்கை அடக்கத் தெரியாதவர் என்று அவருக்குப் பெயரே உண்டு. லாய் படியிறங்கிப் போய்விட்டார்.

அன்று வீட்டில் யென் டீச்சருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கணவர் மீன் பண்ணைகளுக்குத் தீவனம் விற்பவர், எதையும் லேசாக எடுத்துக்கொள்கிற ஆள். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, "நீ மார்க் போடப் போனியா, கேஸ் நடத்தப் போனியா?" என்றார்.

"நான் கேக்காம இருந்திருந்தா அந்தப் பொண்ணு வாயே திறந்திருக்க மாட்டா. இனிமே பள்ளிக்கூடத்துல அவ எப்படி நடமாடுவா?"

"திறக்கணும்னு இருந்திருக்கும், திறந்துட்டா. முதல்ல சாப்பிடு, மீன் ஆறிப்போச்சு."

மூன்றாம் நாள் யீச்சுனே தொலைபேசியில் கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் கேட்டு எண்ணை வாங்கியிருந்தாள். "டீச்சர், எங்க அத்தைதான் தாத்தாவோட மூத்த பொண்ணு. அப்ப அவங்களுக்குப் பதினோரு வயசு, கரையில நின்னு பார்த்தாங்களாம். கோயில் வாசல்ல கடை வெச்சிருக்காங்க. தெங்காயை வரச் சொல்லியிருக்கேன். நீங்களும் வரீங்களா?"

"தெங்காயையா?"

"நான் மட்டும் போய்க் கேட்டா நான் சொல்றதை யாரும் நம்ப மாட்டாங்க."

போனை வைத்துவிட்டு யென் டீச்சர் அங்கேயே நின்றார். எதிரியையே சாட்சியாக அழைத்துப் போக வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

அத்தையின் கடை சிப்பி ஆம்லெட் கடை. அகலமான இரும்புக் கல்லின் முன் நின்று, முட்டையை உடைத்து ஊற்றியபடியே அவர் பேசினார். யென் டீச்சர் பக்கத்து மேசையில் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு, வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடு உட்கார்ந்தார்.

"குடிச்சாரா?" என்றான் தெங்காய், எடுத்த எடுப்பிலேயே.

"குடிச்சாரு" என்றார் அத்தை.

யீச்சுன் நிமிர்ந்து பார்த்தாள். "அத்தை!"

"என்னடி? கேக்கத்தானே வந்தீங்க? விடியற்காலையிலிருந்து இடுப்பளவு தண்ணியில நின்னாரு. தெப்பக்காரங்க அத்தனை பேரும் குடிப்பாங்க. அவரும் குடிச்சாரு." கல்லின் மேல் சிப்பிகளை அள்ளிப் போட்டார், புகை எழும்பியது. "இறங்குங்க, இறங்குங்கன்னு கத்தினாரு. யாரும் இறங்கல. அக்கரையில பல்லக்கு கிளம்பப் போகுதுன்னு ஒருத்தரை ஒருத்தர் இடிச்சிட்டு ஏறினாங்க. ஆனா கழியை ஊன்றித் தள்ளினது யாரு? அவருதான். தள்ளியிருக்கக் கூடாது. கழியைக் கீழ போட்டுட்டுக் கரையில உக்காந்திருக்கணும். இதை நான் அவர்கிட்டயே சொல்லியிருக்கேன், ஜெயில்ல இருந்து வந்தப்புறம்."

"அவர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. சாகற வரைக்கும் அந்தப் பேச்சையே எடுக்கல."

தெங்காய் விடவில்லை. "விபத்தானதும் ஓடிப்போயிட்டாருன்னு பேப்பர்ல இருக்கே?"

"மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தாரு. உடம்பெல்லாம் சேறு. கடல் வாய் வரைக்கும் பிணம் தேடிட்டுப் போனேன்னாரு."

"அதுக்கு யாரு சாட்சி? நீங்க அவர் பொண்ணு. அப்படித்தானே சொல்வீங்க?"

கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யென் டீச்சரின் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகள் பாதி வழியில் நின்றுவிட்டன. அத்தை கரண்டி பிடித்த கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார்.

"நீ போலீஸ்ல சேருடா. நல்லா வருவ. சாட்சி இல்ல, போ. அவர் சொன்னாரு, நான் நம்பினேன். நீ நம்பணும்னு ஒண்ணும் கட்டாயமில்ல." ஆம்லெட்டைத் தட்டில் தள்ளி, சிவப்புச் சாற்றை ஊற்றி, அவன் முன்னால் வைத்தார். "ஆனா அந்தப் பேப்பர்காரன் எங்க நின்னு பார்த்தான்னு நீ கேட்டியா? சாப்பிடு, ஆறினா நல்லா இருக்காது."

கேட்கத்தான் இல்லை. மறுநாள் இரண்டு பேரும் கணினி அறையில் உட்கார்ந்து லாயின் பக்கத்தை முதலிலிருந்து படித்தார்கள். வகுப்பில் கவனிக்காமல் விட்ட விஷயங்கள் ஒவ்வொன்றாக வந்தன. விபத்துக்கு மறுநாள் வந்த செய்தியில் குடி என்ற சொல்லே இல்லை. அதற்கு அடுத்த நாள், நகரத்திலிருந்து எழுதிய செய்தியில்தான் அது முதல் தடவையாக வருகிறது. தெப்பத்தில் எத்தனை பேர் என்பதில் இரண்டு செய்திகளும் ஒத்துப்போகவில்லை. பாலம் வேண்டும் என்று ஊர்க்காரர்கள் விபத்துக்கு முன்பே மனுக் கொடுத்திருந்தது, ஒரு சின்னச் செய்தியின் கடைசி வரியில் கிடந்தது. மெல்ல மெல்ல மற்ற பிள்ளைகளும் வந்து சுற்றி நின்றார்கள். பட்டாசு வெடித்ததோடு முடிந்துபோன வழக்கு மறுபடி திறந்துகொண்டது. இந்தத் தடவை லாய் வைத்த பொத்தான் எதையும் யாரும் தொடவில்லை.

யீச்சுன் தன் தீர்ப்பைத் தனித்தாளில் எழுதி யென் டீச்சருக்கு அனுப்பினாள். தாத்தா குடித்திருந்தார், அது உண்மை. தள்ளாமல் இருந்திருக்கலாம், தள்ளினார், அதற்கு அவர் பொறுப்பு. இடித்துக்கொண்டு ஏறியவர்களுக்கும், மழை வெள்ளத்தில் திருவிழா நடத்தியவர்களுக்கும், கேட்ட பாலத்தைக் கட்டாதவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. அன்றிரவு அவர் எங்கே இருந்தார் என்று தெரியவில்லை. 'பிணம் தேடினார் என்று நம்ப எனக்கு ஆசை. ஆனால் ஆசை ஆதாரம் ஆகாது' என்று முடித்திருந்தாள்.

யென் டீச்சர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாத்தாவைக் காப்பாற்றக் கிளம்பியவள் பாதி வழியில் அவரை விட்டுவிட்டு உண்மையின் பின்னால் போயிருந்தாள். தன் ஆசிரிய வாழ்க்கையில் இப்படி ஒன்றை யென் டீச்சர் எவரிடமும் கண்டதில்லை.

நடுவர் கூட்டத்தில் விஷயத்தை எடுத்துச் சொன்னார். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அனுப்பின பக்கத்துக்குத்தான் மார்க் போட முடியும் யென் டீச்சர். அதுக்கப்புறம் பிள்ளைங்க செஞ்சதுக்கு எப்படிப் போடறது?" என்றார்.

அதில் நியாயம் இருந்தது. யென் டீச்சர் தயங்கினார். லாய் தனக்குத் தம்பி மாதிரி. அவன் தேடிய ஆதாரங்கள்தான் அந்தப் பெண்ணுக்கு வழிகாட்டின. ஆனால் அனுப்பிய பக்கத்தில் பொத்தான் ஒன்றுக்குத்தான் பட்டாசு வெடித்தது. ஆதாரம் சேர்த்ததற்கு முழு மதிப்பெண்ணும், விசாரணைக்கு ஒன்றுமே இல்லை என்றும் எழுதிக் கொடுத்தார். லாய்க்கு எந்தப் பரிசும் கிடைக்கவில்லை.

குளிர்காலம் முழுக்க லாய் அவரோடு பேசவில்லை. புத்தாண்டுக்குக்கூட ஒரு வார்த்தை வரவில்லை. அடுத்த வருடம் நடுவராக வரும்படி அலுவலகத்திலிருந்து அழைப்பும் வரவில்லை. அழைப்பு வராதது அவருக்குப் பெரிதாக வலிக்கவில்லை, லாய் பேசாததுதான் வலித்தது.

ஆனால் ஒரு விசித்திரம் நடந்தது. அலுவலகம் கூப்பிடாவிட்டாலும் ஆசிரியர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். போட்டிக்கு அனுப்புகிறவர்கள் அல்ல. ஏதோ ஒரு பாடத்தைச் செய்துவிட்டு, அது பிள்ளைகளிடம் என்ன செய்கிறது என்று தெரியாமல் தவித்தவர்கள். "டீச்சர், ஒரு நாள் வந்து பின்னாடி உட்கார்ந்து பாருங்களேன்" என்பார்கள். அவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு திண்டும் குடுவையுமாகப் போவார். திட்டு விழும் என்று தெரிந்தே கூப்பிட்டார்கள். சிலர் பாதியில் முகம் சுருங்கிப்போனதும் உண்டு. இருந்தும் மறுபடி கூப்பிட்டார்கள்.

வெயில் காலத் தொடக்கத்தில் ஒரு நாள் லாயின் குரல் தொலைபேசியில் கேட்டது. எதுவும் நடக்காததுபோல நேரே விஷயத்துக்கு வந்தார்.

"அக்கா, பொத்தானை எல்லாம் தூக்கிட்டேன். கடைசியில ஒரு காலிப் பக்கம் வெச்சேன், 'இந்தப் பாடத்துக்குத் தெரியாதது என்ன'ன்னு. இப்ப இருக்கற வகுப்பு அதுல எழுதித் தள்ளுது. ஒருத்தி அவங்க வீட்டுல இருந்த போட்டோ ஒண்ணு கொண்டு வந்தா, அதுல தெப்பத்தோட கயிறு அறுந்து கிடக்கு. இன்னொருத்தன் அது அந்தத் தெப்பமே இல்லைங்கறான். ரெண்டு நாளா அடிதடி. என்னால தீர்த்து வைக்க முடியல."

"உன்னை யாரு தீர்த்து வைக்கச் சொன்னது?"

எதிர்முனையில் லாய் சிரித்தார். "கோபம்தான் அக்கா. ரொம்ப நாள் இருந்துச்சு. இப்பவும் கொஞ்சம் இருக்கு."

"இருக்கட்டும். யீச்சுன் எப்படி இருக்கா?"

"அவளும் தெங்காயும் பேசிக்க மாட்டாங்க. ஆனா புது வகுப்புல யாராவது ஆதாரம் இல்லாம எதையாவது சொன்னா ரெண்டு பேரும் சேர்ந்து வந்து கிழிச்சு எடுக்கறாங்க. நாளைக்கு வரீங்களா? நாலாவது பீரியட்."

மறுநாள் யென் டீச்சர் போனபோது வகுப்பு ஏற்கெனவே தொடங்கியிருந்தது. லாய் கரும்பலகைப் பக்கம் இல்லை, சன்னலோரம் கைகட்டி நின்றிருந்தார். ஒரு மேசையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு தலைகள் அந்தப் புகைப்படத்தின் மேல் கவிந்திருந்தன. ஒரு பெண் கயிற்று முடிச்சைக் காட்டி ஏதோ சொல்ல, ஒரு பையன் "அது எப்படிடீ உனக்குத் தெரியும்?" என்று எகிறினான். இன்னும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். மதிய உணவுக்கு மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. யென் டீச்சர் உட்கார இடம் தேடினார். நாற்காலிகள் எல்லாம் அந்த ஒரு மேசையைச் சுற்றியே போய்விட்டிருந்தன. சுவரில் சாய்ந்து நின்றபடியே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.